உள்ளே வருவதைத் தேடாத வாசல்

அகத்தின் மூலைமுடுக்குகளை எல்லாம் அறிந்து, அறிந்த பின்னும் அன்பில் குறையாத முருகப் பெருமானின் திருவடிகளை முதற்கண் வணங்கி, அவனருளே இவ்வெழுத்துக்கும் துணையாகுக என வேண்டித் தொடங்குகிறேன்.

அன்புள்ள அண்ணா,

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் பூசைப் பாத்திரங்களைப் புளியிட்டுத் துலக்கிக்கொண்டிருந்தேன். குத்துவிளக்கு, தூபக்கால், தீர்த்தச் செம்பு என ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்த பிறகு, கடைசியில் கைக்கு வந்தது உங்கள் வில்லை. உள்ளங்கையில் அடங்கும் வட்டப் பித்தளை. மேலே கயிறு கோப்பதற்கு ஒரு துளை. நடுவில் எழுபத்தொன்று என்னும் எண். அதைத் தேய்த்து முடித்தபோது விரல்களில் பித்தளையும் புளியும் கலந்த வாடை ஏறியிருந்தது. கழுவ மனம் வரவில்லை. அந்த வாடையோடே அமர்ந்து இதை எழுதுகிறேன்.

நீங்கள் சென்று நான்கு மாதங்கள் ஆகின்றன. தங்கச் சுரங்கத்தை மூடியதும் இதே ஆண்டில்தான். ஷிஃப்ட் சங்கு ஊதாத காலைகளுக்கு ஊர் இன்னும் பழகவில்லை. ஆனாலும் இது அழுதுகொண்டு எழுதும் மடலன்று. உங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது சிரிப்பு. சிரித்து முடித்த பிறகு ஒரு நிம்மதி வருகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று எழுதிப் பார்க்கவே விரும்புகிறேன்.

நீங்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் குழியின் மேற்புறத்தில் இருந்த தேடல் அறையில் காவலராக இருந்தவர். வேலை முடிந்து கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் மேலே வரும் ஒவ்வொருவரையும், தங்கம் ஏதேனும் மறைத்து எடுத்து வருகிறாரா என்று தடவிப் பார்த்து அனுப்புவது உங்கள் பணி. தேடி முடிந்ததற்கு அடையாளமாக ஒரு பித்தளை வில்லையைக் கொடுப்பீர்கள். அதைக் காட்டினால்தான் வெளிவாயில் திறக்கும். “தேடறது அவன கேவலப்படுத்த இல்ல சாமி. தேடி முடிச்சாதான் அவன் நிமிந்து வீட்டுக்குப் போவான்” என்று ஒருமுறை சொன்னீர்கள். நான் கற்ற நூல்களில் இதற்கு இணையான ஒரு வரியை நெடுநாள் தேடினேன், கிடைக்கவில்லை.

அந்த அறையின் வாசலில் கிடந்த மேசையைப் பற்றியும் நீங்கள்தான் சொன்னீர்கள். தேடுவதற்கு முன் ஒருவன் தானாகவே மடியிலிருந்ததை எடுத்து அந்த மேசைமேல் வைத்துவிட்டால், அவன் பெயரைக் கேட்க மாட்டீர்கள். உங்கள் கை பட்ட பிறகு அகப்பட்டால் மட்டுமே அது குற்றம். எங்கும் எழுதப்படாத வழக்கம். உங்கள் ஷிஃப்ட்டில் இருந்த காவலர்கள் தமக்குள் காத்துவந்தது.

ஓய்வு பெற்ற மறுமாதமே ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் இருந்த என் அச்சகத்தின் வாசலில் வந்து அமர்ந்தீர்கள். ஈய எழுத்துகளை அடுக்கிய காலம் முடிந்து, நான் மூன்று கணினிகளை வாங்கி, அவற்றை ஒரே கம்பியால் பிணைத்திருந்த நேரம். ஒன்றில் தட்டச்சு செய்ததை மற்றொன்றில் திறக்கலாம் என்பதே எனக்கு அன்று பெரும் வியப்பு. உங்களை வாசலுக்குக் கொண்டுவந்தது ஒரு கோபம். உங்கள் தேவாலயத் திருவிழாவுக்காக நாங்கள் கோத்த பாட்டுப் புத்தகம், திருவிழாவுக்கு முன்பே ஒரு பிளாப்பித் தட்டில் ஏறி வேறோர் அச்சகத்துக்குப் போய்விட்டது.

“வாசல்ல ஆளில்லாத ஷாஃப்ட்டா வெச்சிகினு கீறீங்க சாமி. வெளிய போறத இனிமே நான் பாத்துக்கறேன்” என்றீர்கள்.

பார்த்துக்கொண்டீர்கள். கடையிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு பிளாப்பிக்கும் ஒரு நோட்டில் வரி விழுந்தது: என்ன இருக்கிறது, யாரிடம் போகிறது, என்று போனது, வாங்கியவர் கையெழுத்து. மாலையில் கடை சாத்தும்போது என் துணிப்பையையும் விடவில்லை.

“இன்னா அண்ணே, என் கடையில என்னையே தேடறீங்க?”

“மேனேஜரையே தேடி அனுப்பனவன் நானு. நீங்க இன்னா, வெறும் சாமிதானே. பைய தொறங்க.”

பையில் திருநீற்றுச் சம்புடமும் மூக்குக் கண்ணாடியும்தான் இருக்கும். இருந்தும் ஒவ்வொரு நாளும் திறந்தேன்.

இங்கேதான் அண்ணா, நம் பிழை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மட்டுமே வாய்க்கக்கூடிய பிழை அது. தங்கம் விளைந்த மண்ணில், விலையுள்ளது எல்லாம் உள்ளே இருக்கிறது. ஆபத்து என்பது அது வெளியே போவதில்தான். கேஜில் இறங்குகிறவனை ஒருநாளும் யாரும் தேடியதில்லை. அதே கண்ணோடுதான் நாம் இருவரும் அந்தக் கடையைக் காத்தோம். வெளியே போகும் பிளாப்பிக்குக் கையெழுத்துக் கேட்டோம். உள்ளே வரும் பிளாப்பியை, வீட்டுக்கு வரும் விருந்தினரைப்போல், செருப்பைக் கழற்றக்கூடச் சொல்லாமல் நேரே கணினிக்குள் அழைத்துச் சென்றோம்.

அப்படி ஒரு பிளாப்பியை அழைத்துச் சென்றவன் நானே. பெங்களூரிலிருந்து வந்த தூரத்து உறவினர் ஒருவர், பிறந்த நேரத்தைக் கொடுத்தால் ஜாதகக் கட்டம் போட்டுப் பலனும் சொல்லும் நிரல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். கோள்களின் நிலையைக் கையால் கணித்தே பழகிய எனக்கு, பொறி எப்படிக் கணிக்கிறது என்று காண ஆசை. நடுக்கணினியில் போட்டேன். கட்டம் வந்தது, பலன் வந்தது. நீங்கள் வாசலில் திருமண அழைப்பிதழ்க் கட்டுக்குச் சணல் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். ஒருகணம் தலை நிமிர்ந்து பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. பிறகு மீண்டும் குனிந்துகொண்டீர்கள்.

அந்நாளில் கணினியில் தமிழ் எழுத வேண்டுமானால் தமிழ் எழுத்துருவும், விசைப்பலகையைத் தமிழுக்குத் திருப்பும் ஒரு சிறு நிரலும் வேண்டும். எங்கோ யாரோ புதிதாகக் கணினி வாங்கினார்கள் என்று கேள்விப்பட்டால், நான் அவ்விரண்டையும் பிளாப்பியில் ஏற்றிக் கொடுத்துவிடுவேன். விலை கேட்டதில்லை. அதை ஒரு தொண்டென்றே எண்ணினேன். உண்மையைச் சொன்னால், அதில் கொஞ்சம் பெருமிதமும் கொண்டிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை மஞ்சுளா வந்தாள். பங்காருப்பேட்டையிலிருந்து மாதம் ஒருமுறை வந்து நம் கணினிகளைப் பார்த்துவிட்டுப் போகிறவள். வீட்டில் கன்னடம், நம்மிடம் தமிழ். அன்று அவள் கொண்டுவந்த வைரஸ் எதிர்ப்பு நிரலை ஓடவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பினாள்.

“ஐயா, மூணு சிஸ்டம்லயும் வைரஸ் ஒக்காந்துகினு இருக்கு. ஒண்ணுல வந்து, கம்பி வழியா மத்த ரெண்டுக்கும் போயிருக்கு.”

“ஒண்ணும் கெடலையேம்மா. எல்லாம் ஓடுதே” என்றேன்.

“இப்போ தூங்குது. வர்ற திங்கக்கெழம தேதிக்குத்தான் முழிக்கும். அன்னிக்கு எவன் ஆன் பண்றானோ, அவன் டிஸ்க்கு பூரா காலி. ஸ்வல்ப லேட்டா வந்திருந்தா உங்களுக்கும் அதேதான்.” பிறகு சற்றே தணிந்த குரலில் கேட்டாள்: “இங்கேர்ந்து யாருக்காவது புரோகிராம் எதுனா பிளாப்பில குடுத்தீங்களா?”

நான் சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்தேன். அவனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாலைக்குள் மஞ்சுளா நம் மூன்றையும் தூய்மை செய்துவிட்டாள். அவள் கைகழுவப் போன நேரத்தில் நான் உங்களிடம் சொன்ன சொற்களை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். “யாருக்கும் சொல்ல வேணாம் அண்ணே. வேற எங்கேர்ந்தாவது வந்துச்சின்னு நெனச்சிக்கட்டும். கடை பேரு போயிடும்.” வாய்மையைப் பற்றிய பாடல்களை எழுத்தெண்ணிக் கற்றவன் நான். அவற்றில் ஒன்றுகூட அந்த நேரத்தில் எழுந்து வந்து என் வாயைப் பொத்தவில்லை.

நீங்கள் நோட்டை எடுத்துவந்து மேசைமேல் விரித்தீர்கள். விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கி, தமிழ் நிரல் போன பெயர்களை எண்ணினீர்கள்.

“ஒம்பது. ஒம்பது பேரும் இங்கயேதான் கீறாங்க. திங்களுக்கு முன்ன மூணு நாளு கீது.”

“பேரு அண்ணே…”

“பேரு போனா திரும்ப வரும் சாமி. ரெஜினாவோட பொட்டி போனா, அது திரும்ப வருமா?”

ரெஜினா மாரிகுப்பத்தில் தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறவர். அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் தம்மிடமிருந்த ஆறு தட்டச்சுப் பொறிகளையும் கொடுத்துவிட்டு, இரண்டு கணினிகளை வாங்கியிருந்தார். அவர் குடும்பத்துக்கு வேறு வருவாய் இல்லை. நான் கொடுத்த தமிழ் பிளாப்பியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப்போனவர்.

அந்த நோட்டை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். தேட வேண்டிய வாசலை விட்டுவிட்டு வேறு வாசலைத் தேடிய நம் அறியாமையின் பதிவு அது. இப்போது அதுவேதான், நோய் எந்தெந்த வீட்டுக்குப் போயிருக்கிறது என்பதைப் பிசகாமல் சொன்னது. அது இல்லையேல், சொல்ல விரும்பினாலும் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் நின்றிருப்போம். இறைவன் நம் பிழைகளையும் வீணாக்குவதில்லை என்று அன்று நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

மஞ்சுளா ஒரு பிளாப்பியைத் தயாரித்துக் கொடுத்தாள். நோயுற்ற கணினியைத் தானாக விழிக்க விடாமல், இந்தப் பிளாப்பியைக் கொண்டே எழுப்பி, உள்ளே தேடித் துடைக்க வேண்டும். பிளாப்பியின் மூலையில் இருந்த சிறு தாழ்ப்பாளை அவள் நகர்த்திக் காட்டினாள்; அப்படி வைத்துவிட்டால் நோய் அந்தப் பிளாப்பியில் தொற்றாது. எந்த விசையை எப்போது அழுத்த வேண்டும் என்பதை நாட்காட்டி அட்டையின் பின்புறத்தில் எழுதிக்கொண்டீர்கள். இரண்டுமுறை செய்து காட்டினாள். மூன்றாம் முறை நீங்களே செய்தீர்கள், அவள் கைதட்டினாள். அறுபதைக் கடந்த உங்கள் விரல்கள் விசைகளின்மேல் போன விதத்தில் ஆளைத் தேடும் பழக்கம் தெரிந்தது: அவசரமில்லை, ஆனால் எதையும் விடுவதில்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு. நீங்கள் கணினியைத் தேட, நான் வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. முதல் இரண்டு வீடுகளில் என் மன்னிப்பு முடிவதற்குள் உங்கள் தேடல் முடிந்துவிட்டது. “சாமி, நீங்க முன்னுரை முடிக்கறதுக்குள்ள வைரஸுக்கே வயசாயிடும்” என்றீர்கள் பேருந்தில். சிலர் முகம் சுளித்தார்கள். ஒருவர் காப்பி கொடுத்தார். ஒருவர், இனி உங்கள் கடைப் பக்கமே வர மாட்டேன் என்று சொல்லி, அப்படியே வராமலும் இருந்துவிட்டார்.

பூதிகோட்டையில் தக்காளி மண்டி வைத்திருந்தவரை நினைவிருக்கிறதா? விவசாயிகளின் பெயர், ஊர், வண்டி எண் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி வைத்திருந்தார். நாம் சொன்னதைக் கேட்டுவிட்டு ஆள்களைப் பார்த்துச் சிரித்தார்.

“பொட்டிக்கு ஜுரமாம்பா. நம்ம தக்காளில ரசம் வெச்சிக் குடுப்பமா? போங்க பெரியவரே, லோடு வர்ற நேரம். அடுத்த வாரம் வாங்க.”

“அடுத்த வாரம் பொட்டி இருக்காதுங்க” என்றீர்கள்.

“அப்ப சாவுக்கு வாங்க.”

மண்டியே சிரித்தது. எனக்கு முகம் சிவந்தது. நீங்கள் நோட்டை எடுத்து, அவர் பெயருக்கு நேரே ‘சொல்லியாயிற்று’ என்று எழுதி, மடித்து வைத்துக்கொண்டீர்கள். திங்கட்கிழமை மட்டுமாவது கணினியைத் தொட வேண்டாம் என்று அவர் ஆளிடம் இன்னொருமுறை சொல்லிவிட்டுத்தான் பேருந்து ஏறினீர்கள்.

ஞாயிறு நண்பகலுக்குள் ஏழு முடிந்தன. ரெஜினாவின் பயிலகத்துக்கு இரண்டுமுறை போயும் பூட்டே இருந்தது. தங்கை குழந்தையின் ஞானஸ்நானத்துக்காகப் பங்காருப்பேட்டைக்குப் போயிருக்கிறார், திங்கள் காலை முதல் வண்டியில் வந்து நேரே வகுப்பைத் திறப்பார் என்றார்கள் பக்கத்து வீட்டார். எனவே திங்கட்கிழமை விடிந்தும் விடியாத வேளையில் நாம் இருவரும் நடந்தே மாரிகுப்பம் சென்று, அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் அமர்ந்தோம். பனி. நீங்கள் தலையில் மஃப்ளர் சுற்றியிருந்தீர்கள். நான் திருநீறு அணிந்து, சொல்ல வேண்டியதை மனத்துக்குள் கோத்துக்கொண்டிருந்தேன்.

கோக்கக் கோக்க அதில் ஒரு முடிச்சு விழுந்தது. ஏழு வீடுகளிலும் நான் சொன்னது, “எங்கள் கடையில் எப்படியோ நுழைந்துவிட்டது” என்றுதான். அந்த ‘எப்படியோ’ என்னும் சொல் நெஞ்சில் முள்ளாக நின்றது.

“அண்ணே” என்றேன். “அது எப்படியோ வரல. நான்தான் உள்ள போட்டேன். பெங்களூர்லேர்ந்து வந்த ஜாதக பிளாப்பி. அந்த ஆசையில.”

நீங்கள் எதிரே இருந்த குப்பைமேட்டைப் பார்த்தபடியே இருந்தீர்கள். “தெரியும் சாமி.”

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

“நான் கேட்டுட்டா அது தேடனதாயிடும். நீங்களே எடுத்து மேசைமேல வெப்பீங்கன்னு பாத்துகினு இருந்தேன். வியாழக்கெழமலேர்ந்து.” மஃப்ளரைச் சரிசெய்துகொண்டீர்கள். “பரவால்ல. வாசல் கேட்டு சாத்தறதுக்கு முன்ன வெச்சிட்டீங்க.”

பிறகு நீங்களே கேட்டீர்கள்: “ஆமா, ஜாதகத்துல இன்னா சொல்லிச்சு?”

“இந்த மாசம் பேரும் புகழும் தேடி வரும்னு சொல்லிச்சு.”

நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது. இப்போது எழுதும்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அந்தச் சிரிப்பில்தான் வண்டி வந்ததைக் கவனிக்காமல் விட்டோம். ரெஜினா முன்பக்கம் வரவில்லை. பின்பக்கக் கதவு வழியாக உள்ளே போய்விட்டார். சன்னலுக்குள் விளக்கு எரிந்ததைக் கண்டு இருவரும் எழுந்தோம். முன்கதவின் தாழ் விலகியது. எதிரே ரெஜினா நின்றார். அவருக்குப் பின்னால் மேசையில் இரண்டு கணினிகள், மேலே வெள்ளைத் துணி போர்த்தி. நம்மைக் கண்டு திகைத்து, வாங்க என்று சொல்லிக்கொண்டே அந்தத் துணியை விலக்க நடந்தார்.

நான் கைகூப்பினேன். “அம்மா, அறியாமையால் நேர்ந்த ஒரு பிழையைத் தங்கள்முன் வைத்து…”

அதற்குள் அவர் கை சுவரில் இருந்த சுவிட்சுக்குப் போயிருந்தது.

“ரெஜினா, கைய எடு” என்றீர்கள்.

தேடல் அறையில் முப்பது ஆண்டுகள் ஒலித்த குரல் அது. அவர் கை அப்படியே நின்றது.

“இன்னா அண்ணே ஆச்சு? இந்நேரத்துல ரெண்டு பேரும் வந்து நிக்கறத பாத்து, யாரோ போயிட்டாங்கன்னு நெனச்சேன் நானு.”

“யாரும் போவல. போவக்கூடாதுன்னுதான் வந்தோம். சாமி சொல்லுவாரு.”

சொன்னேன். இம்முறை முன்னுரை இல்லை. நான் கொடுத்த பிளாப்பியில் வைரஸ் இருந்தது. அது என் கடைக்குள் வந்தது என் கையால். இன்று அது விழிக்கும் நாள். அவ்வளவுதான். மூன்று வாக்கியங்களில் முடிந்துவிட்டது.

ரெஜினா துணியும் கையுமாக என் பக்கம் திரும்பினார். “நீங்க குடுத்த தமிழ்லயா ஐயா வந்துச்சு?”

“ஆமாம்மா. அதுலதான்.”

வசைக்கு ஆயத்தமாகத்தான் நின்றேன். அவர் துணியை மடித்து வைத்தார். நாற்காலி ஒன்றை உங்கள் பக்கம் நகர்த்தினார். “சரி, அண்ணன் வேலய பாக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரத்துல பொண்ணுங்க வந்துடும். அதுங்களுக்கு நீங்களே சொல்லுங்க, இது இன்னா, எப்டி வருதுன்னு. நான் சொன்னா ஏதோ சாக்கு சொல்றாங்கன்னுங்க.”

பதினைந்து பேர் வந்தார்கள். வெறும் திரைகளைக் காட்டி, என் தவறையே பாடமாக வைத்து, நான் அன்று நடத்திய வகுப்பைப்போல் வாழ்நாளில் எதையும் நடத்தியதில்லை. ஒருத்தி கேட்டாள், “அப்ப யாரு குடுத்தாலும் நம்பக் கூடாதா ஐயா?” என்று. நான் விடை தேடுவதற்குள், திரையிலிருந்து கண்ணெடுக்காமல் நீங்கள் சொன்னீர்கள்: “ஆள நம்பும்மா. பிளாப்பிய தேடு.”

முதல் கணினி முடிய ஒருமணி நேரம். இரண்டாவதிலும் அதே அளவு வைரஸ். கடைசி வரி திரையில் வந்து நின்றதும், அட்டையில் எழுதியதை ஒருமுறை சரிபார்த்து, பிளாப்பியை வெளியே எடுத்து, “இப்ப போடு” என்றீர்கள். ரெஜினா சுவிட்சைப் போட்டார். திரையில் நீல ஒளி பரவி, அவருடைய பாடங்கள் வரிசையாக வந்து நின்றன. அவர் சிலுவைக் குறியிட்டுக்கொண்டார். நான் கைகூப்பிக் கண்களில் ஒற்றிக்கொண்டேன். நீங்கள் அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “பசிக்குது சாமி” என்றீர்கள்.

மறுநாள் மண்டிக்காரர் வந்தார். பேருந்துக் கூரையிலிருந்து தக்காளிக் கூடை ஒன்றை இறக்கினார். அதற்குள் வைக்கோல்மேல் அவருடைய கணினி. திங்கட்கிழமை காலை ஆள் பழக்கத்தில் சுவிட்சைத் தட்டிவிட்டானாம். சொல்லியனுப்பி வரவழைத்த மஞ்சுளாவால் பெட்டியைத்தான் எழுப்ப முடிந்தது. உள்ளிருந்தவற்றை மீட்க முடியவில்லை. அவர் சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே எண்ணி எழுந்தேன்.

“சாவுக்கு வாங்கன்னு நான்தான சொன்னேன்” என்றார், உங்களைப் பார்த்து. “நீங்க சொல்லிட்டுத்தான் போனீங்க. அத்த இல்லன்னு சொன்னா எனக்கு வாய் வெந்துடும்.”

அவரிடமிருந்த பழைய மண்டிச் சீட்டுகளை நீங்கள் வாங்கிப் படித்துச் சொல்ல, நான் தட்டச்சு செய்ய, ஒரு வாரத்தில் அவருடைய பெயர்ப் பட்டியல் முழுவதையும் திரும்ப உருவாக்கினோம். அவ்வாரம் முழுவதும் கடையில் எல்லாருக்கும் தக்காளி ரசம்தான்.

அதற்குப் பிறகுதான் நம் வாசல் திரும்பியது. ஓரத்தில் கிடந்த பழைய கணினி ஒன்றை மஞ்சுளாவைக் கொண்டு சீர்செய்து, வாசலருகே வைத்தீர்கள். மற்ற மூன்றோடும் அதைப் பிணைக்கவிடவில்லை. “தேடற எடத்துல ஒறவு இருக்கக் கூடாது.” மூடிய ஷாஃப்ட் ஒன்றின் பழைய இரும்போடு ஏலத்தில் வந்த பித்தளை வில்லைகளில் ஒரு கோவையை வாங்கிவந்து ஆணியில் மாட்டினீர்கள். உள்ளே வரும் எந்தப் பிளாப்பியும் முதலில் அந்தக் கணினியில் தேடப்பட வேண்டும். தேடி முடிந்தால் வில்லை. வில்லை இல்லாத பிளாப்பியை உள்ளே யாரும் தொடக்கூடாது. சனிக்கிழமைதோறும் செய்த வேலை எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதிகள்: ஒன்று என் பூசை அறையில், மற்றொன்று உங்கள் வீட்டு விவிலியத்துக்கு அருகில். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாகாது என்பதும் உங்கள் விதி.

வாடிக்கையாளர்கள் மனம் கோணுவார்களே என்று நான் தயங்கினேன். அதற்கும் வழி வைத்திருந்தீர்கள். ஒவ்வொரு நாள் காலையிலும் கடையில் நாலு பேர் இருக்கும்போது, முதலில் என் பிளாப்பியை வாங்கித் தேடுவீர்கள். முதலாளியையே தேடுகிறார் என்று கண்ட பிறகு யாருக்கும் வருத்தமில்லை. குருக்கள் கொடுத்தார், பங்குத் தந்தை கொடுத்தார். புதிய வைரஸ்களின் பட்டியலை மாதந்தோறும் கொண்டுவரும் மஞ்சுளாவையும் நீங்கள் விடவில்லை.

“இன்னா சார், டாக்டரையே செக் பண்றீங்க?”

“டாக்டரும் கை கழுவிகினுதாம்மா வரணும்.”

இன்று அந்த நாற்காலியில் நான் அமர்கிறேன். இப்போது தொலைபேசிக் கம்பி வழியாகவே மடல்கள் வருகின்றன, பிளாப்பி குறைந்துவிட்டது. சென்ற மாதம், நன்கு தெரிந்த ஒருவர் பெயரில், அன்பு ததும்பும் இரண்டு வரிகளோடு ஒரு கோப்பு வந்தது. திறக்கக் கை போயிற்று. ஆணியில் தொங்கிய வில்லைகளைப் பார்த்தேன். அவரைத் தொலைபேசியில் அழைத்து, நீங்கள் அனுப்பினீர்களா என்று கேட்டேன். அவர் எதையும் அனுப்பியிருக்கவில்லை. ஆளை நம்பினேன் அண்ணா, கோப்பைத் தேடினேன்.

உங்களைக் கடைசியாகப் பார்த்த நாளில் தலையணைக்கு அடியிலிருந்து இந்த எழுபத்தொன்றாம் வில்லையை எடுத்து என் கையில் வைத்தீர்கள். மூச்சு வாங்கியது. “நீங்களே வெச்சிக்குங்க அண்ணே, கேட்டுல காட்டணுமே” என்று நான் விளையாட்டாகச் சொன்னேன்.

“எனக்கெதுக்கு. அங்க இருக்கறவரு தடவிப் பாக்காமலே தெரிஞ்சிகினவரு” என்றீர்கள். “நீங்க வெச்சிக்குங்க. மேசை எங்கன்னு மறந்துடுவீங்க.”

மறக்கவில்லை. முன்பெல்லாம் என் வழிபாடு நீளமானது. எத்தனையோ பாடல்கள், பாடல்களுக்குப் பின்னால், கேட்க வேண்டியவற்றின் நீண்ட வரிசை. இப்போது மாலையில் விளக்கேற்றுவதற்கு முன், விளக்குப் பலகையின் ஓரத்தில் உங்கள் வில்லையை வைக்கிறேன். அன்றைய பொழுதில் நான் மறைத்தது என்ன, யாரிடம் ‘எப்படியோ’ என்று சொன்னேன், எதை ஆசையால் உள்ளே விட்டேன் என்று ஒவ்வொன்றாக எடுத்து அவன்முன் வைக்கிறேன். அவன் அறியாதது ஒன்றுமில்லை. ஆயினும் அவன் கேட்பதில்லை. உங்களைப்போலவே பார்த்துக்கொண்டு இருக்கிறான். வைத்து முடித்த பிறகுதான் விளக்கு. பாடல் அதற்குப் பின்னால், ஒன்றோ இரண்டோ. அவ்வளவிலேயே நெஞ்சு நிறைந்து, நிமிர்ந்து எழுகிறேன்.

உங்கள் இல்லத்தாரும், இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் அவர்தம் குடும்பத்தாரும், உள்ளே வருவதில் விழிப்பும் வந்தவரிடம் அன்பும் குறையாமல், மறைக்க ஏதுமில்லாத மனத்தோடு இரவில் உறங்கி, நலத்தோடு விழித்தெழ, எல்லாம் அறிந்தும் கேளாதிருக்கும் பெருமான் அருள்வானாக.